உன்னைத் துபாயில் வைத்திருந்தேன்

பயத்தில் சொன்னேன். வேறு காரணம் தேடாதே. கெட்டிக்காரத்தனம் எதுவும் அதில் இல்லை. கடைக்கார அம்மா கேட்டார், நான் வாயைத் திறந்தேன், அது தானாகச் சொல்லிவிட்டது. துபாய். மூன்று வருடம் சொல்லிச் சொல்லி வழவழத்துப்போயிருந்த சொல். நாக்கில் தடுக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நீ கடையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்று கேட்டாய். "எதுக்கும்மா அந்த அக்காகிட்ட நான் துபாய்ல இருந்தேன்னு சொன்ன?" நான் அடுப்பைப் பார்த்து நின்றேன். திரும்பவில்லை. "கை கால் கழுவிட்டு வா, சாப்பிடு" என்றேன். உன் கேள்விக்கு என்னிடமிருந்து வந்த பதில் அவ்வளவுதான். நீ சாப்பிடவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். இப்போது கப்பலூரில், சிறையில் உன்னோடு இருந்த நண்பனின் அறையில் தங்கியிருப்பதாக அப்பா சொல்கிறார். அங்கே ஒரு ரப்பர் கம்பெனியில் சேரப்போகிறாயாம். மிச்சத் துணிகளை அப்பாவிடம் கொடுத்தனுப்பச் சொல்லியிருக்கிறாய். என் போனை எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். சட்டைகளுக்கு மேலாக இந்தத் தாள்கள் இருக்கும். படிக்காமல் எறிய உனக்கு உரிமை உண்டு. ஆனால் எறியமாட்டாய். சின்ன வயதில் கடலை மடித்துத் தந்த காகிதத்தைக்கூடப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் எறிவாய்.

அன்று கடையில் நடந்ததை நீ வாசலில் நின்று சொன்னாய். எனக்கு அது நானே அங்கு இருந்து பார்த்ததுபோல ஆகிவிட்டது. கல்யாண ஜவுளி எடுக்க ஒரு குடும்பம் வந்திருக்கிறது. நீ ஒரு நீலச் சேலையை உன் தோளில் போட்டு, முந்தியைக் கை மேல் விரித்துக் காட்டிக்கொண்டு நிற்கிறாய். கல்லாவிலிருந்து கடைக்கார அம்மா, உன் மேல் உள்ள பிரியத்தில், பெருமையாகச் சொல்கிறார். "தம்பி துபாய்ல இருந்துட்டு வந்தவரு. நம்ம கடையில வேல பாக்குறாரு, பாத்துக்கங்க." வந்தவர்களில் ஒருவர் கேட்கிறார், "துபாய்ல எந்தப் பக்கம் தம்பி?" உன் தோளில் சேலை. ஒரு ஆண்பிள்ளை, பெண்கள் கூட்டத்துக்கு நடுவே, நீலப் பட்டைப் போர்த்திக்கொண்டு, தன்னைப் பற்றி அங்கே தான் சொல்லாத ஒரு செய்தியைக் கேட்டு நிற்கிறான். "பார்டரப் பாருங்கக்கா" என்று மட்டும் சொன்னாயாம். சேலையை விற்றாய். மடித்தாய். தலைவலி என்று சொல்லிவிட்டு வந்தாய்.

நீ அதுவரை என்ன நம்பிக்கொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்த சிக்னல். நாம் இருவரும் அதைப் பற்றி உட்கார்ந்து பேசியதே இல்லை. வக்கீலிடம் பேசினோம், ஒருவரோடொருவர் பேசவில்லை. காளவாசல் சிக்னலில் இரண்டு வண்டி உரசியது. அந்த வண்டிக்காரர் என்னைப் பற்றி, உன் தாயைப் பற்றி ஏதோ சொன்னார். உன் கையில் ஹெல்மெட் இருந்தது. ஒரே அடி. ஒரே அடிதான் என்று கோர்ட்டில் நம் வக்கீல் திரும்பத் திரும்பச் சொன்னார், அந்த ஒன்று என்ற எண்ணில் ஏதோ கருணை இருப்பதுபோல. அவருக்கு ஒரு கண் போய்விட்டது. தீர்ப்பன்று அவர் மனைவி எதிர் பெஞ்சில் இருந்தார். மடியில் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்து அதன் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். உனக்கு மூன்று வருடம் என்றபோதும் அவர் நிமிரவில்லை. நான் அவரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. இன்றுவரை சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிற எனக்குச் சொல் கிடைக்கவில்லை.

பேப்பரில் 'வாலிபர்' என்று மட்டும் வந்தது. பெயர் வரவில்லை. அன்று கர்த்தருக்கு நன்றி சொன்னேன். பெயர் வந்திருந்தால் பொய் சொல்வதிலிருந்து நாம் தப்பித்திருப்போம் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ரூபி அக்கா கேட் பக்கம் நின்றார். "என்ன டீச்சர், தம்பியக் காணோம்? வெளியூரா?" ஆமாம் என்றேன். "கோயம்புத்தூரா?" அதைவிடத் தூரம் என்றேன். "ஃபாரினா? சொல்லவே இல்ல பாத்தீங்களா. எங்க, துபாயா?" நான் தலையை ஆட்டினேன். கவனித்தாயா, அந்தச் சொல்லை முதலில் சொன்னது நான் இல்லை. எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்ட சமாதானம் இது. ஒன்றுக்கும் உதவாதது. பக்கத்தில் அப்பா நின்றிருந்தார். சட்டைப் பையில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். வீட்டில் செருப்பைக் கழற்றியபடி, "எப்ப திரும்பி வருவான்னு கேட்டா என்னன்னு சொல்ல?" என்று கேட்டார். திட்டவில்லை. அவரும் சேர்ந்துகொண்டார்.

அதற்கடுத்த மாதம் தூர தேசங்களில் இருக்கிற சபையின் பிள்ளைகளுக்காக ஜெபித்தபோது, குவைத்தில் இருக்கும் ஒரு பையனின் பெயருக்குப் பின்னால் உன் பெயரும் வந்தது. ஆமென் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே. அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த காய்கறிகளை ஏலம் விட்டபோது ஒரு பூசணிக்காய் வந்தது. யாரும் கேட்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "துபாய்க்காரங்க வாயத் தொறக்காம இருந்தா எப்புடி?" எல்லாரும் சிரித்தார்கள். அப்பா கையைத் தூக்கினார். அந்தப் பூசணிக்காயை நாங்கள் ஒரு வாரம் சாப்பிட்டோம். சிறையில் மனுப் போட்டு உன்னைப் பார்க்க வந்தபோது இதைச் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "ஒட்டகத்துல வேலைக்குப் போறேன்னு சொல்லும்மா" என்றாய். நான் அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அது சம்மதம் இல்லை. உனக்கு அன்று சிரிக்க ஏதாவது வேண்டியிருந்தது.

அரசரடியிலிருந்து நம் வீட்டுக்கு பஸ் புது ஜெயில் ரோடு வழியாகத்தான் வரும். ஒருநாள் பள்ளிக்கூடத்தில் கூட வேலை செய்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, "மகன் லீவுக்கு எப்ப வர்றார் டீச்சர்?" என்று கேட்டார். ஜன்னலுக்கு வெளியே உன் சுவர் போய்க்கொண்டிருந்தது. நீளமான சுவர். "காண்ட்ராக்ட் முடியணும்ல" என்றேன். சுவர் முடிந்தது. டீக்கடை வந்தது, மெக்கானிக் கடை வந்தது. நீ இருந்த இடத்துக்கு நம் வீட்டிலிருந்து நடந்தே வரலாம். ஊரில் எல்லாருக்கும் நீ கடலுக்கு அந்தப் பக்கம்.

கிறிஸ்துமஸுக்கு நம் சபைப் பெண்கள் சிறைக்குப் பொட்டலம் கட்டுவார்கள். கேக் துண்டு, சோப்பு, முறுக்கு. நானும் போனேன். போகாமல் எப்படி இருப்பது? பாய் விரித்து, வட்டமாக உட்கார்ந்து, பாட்டுப் பாடிக்கொண்டே கட்டினோம். எது உன் கைக்கு வரும் என்று தெரியாததால் என் முன் வந்த எல்லாப் பொட்டலத்திலும் முறுக்கைக் கூடுதலாக வைத்தேன். ரூபி அக்கா பார்த்துவிட்டார். "கைதிகளுக்குப் போயி இம்புட்டா டீச்சர்? நம்ம பிள்ளைங்களுக்கே இம்புட்டு வைக்க மாட்டோம்." பாட்டு நடந்துகொண்டிருந்தது. நான் அடுத்த பொட்டலத்தை எடுத்தேன். உனக்குப் பொட்டலம் வந்ததா என்று நான் கேட்டதே இல்லை. வந்தது என்று சொன்னாலும் வரவில்லை என்று சொன்னாலும் என்னால் தாங்க முடியாது.

நீ வெளியே வந்தாய். தெற்கு மாசி வீதியில் நீ முன்பு சேலைப் பிரிவில் நின்ற பெரிய கடைக்குத்தான் முதலில் போனாய். மூத்த விற்பனையாளர் கட்டிப்பிடித்தார், டீ வாங்கித் தந்தார். "மாப்ள, கவுண்டர்ல நிக்க வேணாம்டா. குடோன்ல மூட்ட எறக்குற வேலை இருக்கு, மொதலாளிகிட்ட சொல்லிப் பாக்கவா?" உன்னை யார் கண்ணிலும் படாத இடத்தில் வைக்க அவருக்கு மனம் இருந்தது. அதற்குப் பிறகு பைபாஸ் ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட கடை. எழுதச் சொன்ன எல்லாவற்றையும் எழுதினாய். டை கட்டிய பையன் படித்துவிட்டு, போலீஸ் சர்டிபிகேட் வேண்டும் என்றான். அதில் என்ன இருக்கும் என்பதை நீ அங்கேயே சொன்னாய். அவன் எழுந்து நின்றுவிட்டானாம். "மேல கேட்டுச் சொல்றோம்ணே." உன்னைவிட ஒன்றிரண்டு வயது பெரியவன், பயத்தில் உன்னை அண்ணன் ஆக்கிவிட்டான்.

அதற்குப் பிறகு நீ எங்கே போனாலும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவாய். "அண்ணே, நான் ஒரு கேசுல மூணு வருசம் உள்ள இருந்துட்டு வந்திருக்கேன்." எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. கேட்கிறவருக்கு உட்காரக்கூட நேரம் தராமல் எதற்கு இது? வீட்டுக்கு வந்து ஒவ்வொருவரையும் நடித்துக் காட்டுவாய். போன் கடைக்காரரை நீ நடித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. கழுத்தைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் பார்த்து, "திருட்டுக் கேசா இருந்தாக்கூடப் பரவாயில்ல தம்பி, கேமரா வச்சிருக்கேன். நீ அடிதடி. கஸ்டமர் பேரம் பேசுனா என்ன பண்ணுவ?" அதற்கு நீ சொன்னாயாம், "பேரம் பேசுறவங்கள அடிக்கணும்னா மதுரையில ஒரு ஆளு மிஞ்ச மாட்டாங்கண்ணே." அவர் சிரித்தார். வேலை தரவில்லை. அப்பாவும் சிரித்தார். நான் தோசை வார்த்துக்கொண்டே சிரித்தேன். பிறகு ஒருநாள் நீ நடிப்பதை நிறுத்திவிட்டாய். "எங்க போன இன்னைக்கி?" "கடைக்கு." "என்ன சொன்னாங்க?" "இல்லைன்னாங்க." அவ்வளவுதான். அந்தக் கடைக்காரருக்கு எப்படிப்பட்ட கழுத்து, எப்படிப்பட்ட குரல் என்று எங்களுக்குத் தெரியாமலே போயிற்று.

கப்பலூர் கம்பெனிகளில் யாரும் எதுவும் கேட்பதில்லை, அங்கே போயேன் என்று அப்போதே அப்பா சொன்னார். நீ சொன்ன பதிலை நான் மறக்கவில்லை. "அங்க மெஷினு என்னயப் பாக்கும், நான் மெஷினப் பாப்பேன். உள்ளயும் செவுத்தப் பாத்துக்கிட்டுத்தானப்பா இருந்தேன். எனக்கு நாலு பேரு வந்து இந்தக் கலரு வேணாம், அந்தக் கலரக் காட்டுன்னு சொல்லணும்." நீ கேட்டது சம்பளம் இல்லை. உன் முன்னால் வந்து நிற்கிற ஒருவர் பயப்படாமல் உன்னிடம் இன்னொரு கலர் கேட்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ள எனக்குப் படிப்பு எதுவும் உதவவில்லை. வேறொன்று உதவியது.

ஒரு மத்தியானம் பள்ளியில் அரை நாள் விடுமுறை. வீட்டுக்கு வந்தேன். நீ முன்னறையில் தரையில் உட்கார்ந்திருந்தாய். பீரோவிலிருந்த என் சேலைகள் முழுவதும் பிரிந்து கிடந்தன. காட்டன், சிந்தடிக், என் கல்யாணச் சேலை. ஒவ்வொன்றாக விரித்து, ஓரம் சேர்த்து, மடித்துக்கொண்டிருந்தாய். கடை மடிப்பு. முந்தியின் வேலைப்பாடு மேலே தெரியும்படியான மடிப்பு. மடித்ததை அடுக்கினாய். அடுக்கியதை மறுபடி பிரித்தாய். நான் கதவருகில் நின்றது உனக்குத் தெரியவில்லை. தாடி வளர்ந்திருந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது. யாரிடமோ விலை சொல்லிக்கொண்டிருந்தாய். எதிரில் யாரும் இல்லை.

நான் சத்தம் இல்லாமல் திரும்பி நடந்தேன். எங்கே போகிறேன் என்று தெரியாமல் காளவாசல் வரை வந்துவிட்டேன். அந்தச் சின்னச் சேலைக் கடையின் கண்ணாடியில் 'தீபாவளி சீசனுக்கு ஆள் தேவை' என்று ஒட்டியிருந்தது. உள்ளே போனேன். வேண்டாத ஒரு ரவிக்கைத் துணியை எடுத்தேன். என் மகன் சேலைக் கடையில் இருந்தவன், நன்றாகச் செய்வான் என்றேன். நான் டீச்சர் என்றேன். கடைக்கார அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. "டீச்சர் பிள்ளையா, அப்ப என்ன யோசிக்க. இப்ப என்ன பண்றாரு தம்பி?" இதோ இங்கேதான். நான் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன் என்று உன்னிடம் சத்தியம் செய்ய விருப்பம். செய்யமாட்டேன். எனக்கே தெரியாது. தரையில் உட்கார்ந்து காற்றுக்கு விலை சொல்லிக்கொண்டிருந்த உன் உதடு மட்டும் தெரிந்தது. "துபாய்ல இருந்தான். இப்பத்தான் வந்திருக்கான்." அந்த அம்மா வேறு எதுவும் கேட்கவில்லை. "நாளைக்கே வரச் சொல்லுங்க" என்றார்.

உன்னிடம் வந்து என்ன சொன்னேன்? "காளவாசல்ல ஒரு கடை. நான் பேசிட்டேன். நீ போய் நின்னாப் போதும்." பேசிட்டேன். அந்த ஒரு சொல்லை நீ எப்படி எடுத்துக்கொண்டாய் என்பது முதல் நாள் வேலை முடிந்து வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. சவரம் செய்த முகம். சட்டையில் புதுத்துணி வாசனை. அடுப்படியில் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சொன்னாய். "அம்மா, நான் ஆரம்பிச்சேம்மா. அக்கா நான் ஒண்ணு சொல்லணும்னேன். அந்த அக்கா, அதெல்லாம் அம்மா சொல்லிட்டாங்க தம்பி, வேலையப் பாருன்னுட்டாங்க. எல்லாம் தெரிஞ்சும் ஒண்ணுமே கேக்கலம்மா. சிரிச்சுக்கிட்டே டீ குடுக்குறாங்க."

எல்லாம் தெரிஞ்சும்.

அப்போது சொல்லியிருக்கலாம். என் கையில் கரண்டி இருந்தது, வாய் சும்மாதான் இருந்தது. உன் முகத்தைப் பார்த்தேன். வெளியே வந்ததிலிருந்து அந்த முகத்தை நான் பார்த்திருக்கவில்லை. அதை உடைக்க எனக்குக் கை வரவில்லை. அடுத்த நாள் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த நாள் நீ கல்லாவில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவை நடித்துக் காட்டினாய். நடிக்கிறவன் திரும்பி வந்திருந்தான். நான் எப்படிச் சொல்வேன்?

ஒருமுறை உனக்குத் தெரியாமல் பார்த்தேன். பள்ளி விட்டு வரும்போது ஒரு நிறுத்தம் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கி, கடைக்கு எதிரே ஜூஸ் வண்டிக்குப் பின்னால் நின்றேன். உள்ளே நீ ஒரு வயதான அம்மாவுக்கும் அவர் மருமகளுக்கும் நடுவில் இருந்தாய். மாமியாருக்கு ஒரு நிறம் பிடிக்கிறது, மருமகளுக்கு வேறு. நீ ஒரு தோளில் ஒன்றும் மறு தோளில் இன்னொன்றும் போட்டுக்கொண்டு, அவர் பக்கம் ஒருமுறை இவர் பக்கம் ஒருமுறை திரும்பினாய். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அந்த மருமகள் உன் தோளில் இருந்த சேலையைத் தொட்டு இழுத்துப் பார்த்தாள். உன்னைத் தொட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. பயமில்லாமல். ஜூஸ்காரர், "என்னம்மா வேணும், ரொம்ப நேரமா நிக்கிறீங்க" என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு வேண்டியது எதிரே இருந்தது. அதை நான் எதன் மேல் கட்டி வைத்திருக்கிறேன் என்பதும் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு நாளும் காலையில் நீ கிளம்பியதும் போனைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்வேன். மணி அடித்தால் கடைக்கார அம்மாவா என்று பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன். யாராவது துபாய்க்காரர் அந்தக் கடைக்குச் சேலை எடுக்க வந்துவிடக் கூடாது என்று ஜெபித்தேன். இப்படிக்கூட ஒரு ஜெபம் இருக்கிறது.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். நீ ஒவ்வொரு கடையிலும் முதல் வாக்கியத்தில் சொன்னாயே, அது பைத்தியக்காரத்தனம் இல்லை. உள்ளே இருந்த மூன்று வருடத்தில் நீ சேர்த்துக்கொண்டு வந்த ஒரே பொருள் அது. அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அதற்குப் பிறகும் ஒருவர் உன்னை நிற்கவைக்க வேண்டும். அதற்காகத்தான் அத்தனை கதவு ஏறி இறங்கினாய். அது ஒருவழியாக நடந்துவிட்டது என்று நினைத்தாய். நடந்தது உனக்கு இல்லை. நான் ஏற்பாடு செய்த ஒரு துபாய்ப் பையனுக்கு. உன்னிடமிருந்து வேலையைப் பறித்ததைவிட இது பெரிது. ஒரு ஆள் தெரிந்தே உன்னை ஏற்றுக்கொண்டார் என்ற நம்பிக்கையைக் கொடுத்துப் பறித்துவிட்டேன்.

புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் தாய் எழுதுகிற கடிதம் என்றால் அது இல்லாமல் முடியாது போலிருக்கிறது. மூன்று விஷயம் சொல்ல நினைத்தேன், இரண்டுதான் ஞாபகம் வருகிறது. சாப்பிடு. உனக்குக் கோபம் வந்தால் சாப்பிடமாட்டாய், சாப்பிடாவிட்டால் இன்னும் கோபம் வரும், அது என்ன செய்யும் என்று நம் இருவருக்கும் தெரியும். இன்னொன்று, ரப்பர் கம்பெனியில் சேர்வதானால் சேர். அது கேவலம் இல்லை. ஆனால் என் மேல் உள்ள கோபத்தில் சேராதே. இந்த ஊரில் இருக்கிற கடைகள் எல்லாவற்றிலும் நீ கேட்டு முடிக்கவில்லை. அடுத்த கடைக்குப் போகும்போது நான் உனக்கு முன்னால் நடக்கமாட்டேன். அந்த வாக்கியத்தை நீயே சொல். 'இல்லை' என்றால் அதுவாவது உன்னிடம் சொன்ன 'இல்லை'யாக இருக்கும்.

ரூபி அக்கா இருக்கிறார், சபை இருக்கிறது, ஜெபத்தில் உன் பெயர் இருக்கிறது. அதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டும். முதலில் கடை. நீ இல்லாமல் அந்த அம்மா இரண்டு நாளாகக் கூட்டத்தைச் சமாளிக்கிறார். எனக்கு இருமுறை போன் செய்தார், தம்பிக்கு உடம்பு எப்படி என்று. காய்ச்சல் என்று சொன்னேன். பார், திரும்பவும். இன்னும் ஒரு நாள் போனால் காய்ச்சலுக்கு ஒரு பெயரும் ஒரு டாக்டரும் வந்துவிடுவார்கள். அதனால் இதை இங்கே நிறுத்திவிட்டு எழுந்து கிளம்புகிறேன்.

போய்விட்டு வந்தேன். அப்பா பையோடு வாசலில் நிற்கிறார், அதனால் சுருக்கமாக.

கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொன்னேன். புது ஜெயில் ரோடு, மூன்று வருடம், ஹெல்மெட், கண். துபாய் நான் சொன்ன பொய், அவனுக்குத் தெரியாது, உங்களிடம் எல்லாம் சொல்லியாகிவிட்டது என்று நம்பித்தான் வேலைக்கு வந்தான் என்றேன். அந்த அம்மா கல்லாவை மூடினார். "அன்னைக்கி அவரு ஏதோ சொல்ல வந்தாரு. நாந்தான் நீங்க சொல்லிட்டீங்கன்னு வாய அடச்சேன்." கல்லாவிலிருந்து சாவியை உருவினார். "டீச்சரா இருந்துக்கிட்டு" என்றார். பிறகு, "நானும் வாரவங்க போறவங்ககிட்டல்லாம் துபாய் துபாய்னு பெரும பேசிட்டேனே. என் மூஞ்சிய எங்க கொண்டு போயி வைக்க?" நான் மன்னிப்புக் கேட்டேன். "எங்கிட்ட கேட்டு என்ன பண்ண" என்றார். அடிபட்டவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டார். தெரியாது என்றேன். "தெரிஞ்சு வச்சிருக்கணும்ல" என்றார். அதற்குள் ஒரு வேன் கூட்டம் உள்ளே வந்துவிட்டது.

போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை. கவுண்டர் மேல் இரண்டு நாள் சேலை மடிக்காமல் குவிந்து கிடந்தது. நான் கைப்பையை ஓரமாக வைத்துவிட்டு மடிக்க ஆரம்பித்தேன். நீ என் சேலைகளை மடித்து வைத்திருந்ததைப் பார்த்துப் பார்த்து எனக்கும் கொஞ்சம் வந்திருக்கிறது என்று நினைத்தேன். வேன் கூட்டம் போனதும் அந்த அம்மா வந்து நான் அடுக்கியதில் ஒன்றை எடுத்துப் பார்த்தார். "இப்படி இல்ல. அவரு மடிச்சா முந்தி மேல நிக்கும்" என்றார். பிரித்து என் முன்னால் போட்டுவிட்டுக் கல்லாவுக்குப் போய்விட்டார். வேலை இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியவன் நீ. பிரித்துப் போட்டதைத் திரும்ப எடுத்து, முந்தி மேலே வரும்படி மடித்தேன். குவியல் தீரும்வரை மடித்துவிட்டு, பஸ் ஏறி வந்தேன்.